இரண்டு பக்கம் எடைக்குறைவு

"பக்கம் இருநூற்று அறுபத்தெட்டு," என்று சொல்லிவிட்டு மகள் எச்சிலை விழுங்கினாள். சுரங்கத்துக்குள் தண்ணீர் பேராசிரியரின் இடுப்புவரை ஏறியிருந்தது. விளக்கில் எண்ணெய் விரற்கடை அளவுதான் பாக்கி. கட்டிலின் மறுபக்கம் ஆக்சிஜன் இயந்திரம் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடவில்லை. மகளின் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்கு அப்பால் இருந்த ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாத," என்றார்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்ப்பா."

"அவங்களுக்கு அங்க கழுத்துக்குத் தண்ணி வருது. உனக்கு இப்பதான் தாகம்."

"இடுப்புக்குத்தான் வந்திருக்கு."

"அடுத்த பக்கத்துல கழுத்துக்கு வந்துரும் பாரு. இவன் சும்மா விடமாட்டான்." இவன் என்றது கதை எழுதியவரை.

காலையில் வந்த நர்ஸ் அப்பாவின் நகங்களை அழுத்திப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் நின்று மகளிடம் தணிந்த குரலில் சொல்லியிருந்தாள். "இன்னிக்குள்ள இருக்கும்மா. மிஞ்சிப்போனா நாளைக்கு. பேச வேண்டியது ஏதும் இருந்தா பேசிடுங்க." பேச வேண்டியது இருபத்திரண்டு வருஷமாகக் கிடந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் எதையாவது செய்வார்கள் அல்லவா, அதைத்தான் அவளும் செய்தாள். விட்ட இடத்திலிருந்து கதைப் புத்தகத்தைத் திறந்தாள். இன்னும் நாற்பத்திரண்டு பக்கம். அதற்குள் அப்பாவின் மூச்சு தாங்குமா என்பதுதான் அந்த அறையில் இருந்த ஒரே கேள்வி.

புத்தகத்தின் பெயர் 'ஏழாம் சாடி'. பத்து நாளைக்கு முன்பு லீவு போட்டுவிட்டு அவள் வந்து இறங்கியபோது அப்பாவின் தலைமாட்டில் கிடந்தது. அட்டையில் ஒரு குகை, ஒரு சிலுவை, தொப்பி வைத்த ஓர் ஆள். "கண்ணு களைப்பா இருக்கு பாப்பா, நீ கொஞ்சம் படியேன்," என்று அப்பா முதல் நாளே கேட்டார். ஐம்பத்தொரு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். தட்ட முடியவில்லை.

சொந்தமாகக் கடைக்குப் போயிருந்தால் அந்தப் புத்தகத்தை விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். ஆறு சாடிகள் ஏற்கெனவே கிடைத்து, ஆறும் காலி. ஏழாவதில், கல்லறையிலிருந்து கல் புரட்டப்பட்டதைக் கண்ணால் கண்ட ஒருவன் எழுதிய கடிதம் இருக்கிறதாம். அதைத் தேடிப் பாலைவனத்தைத் தோண்டும் ஒரு பேராசிரியர். கடவுள் நம்பிக்கை சுத்தமாகக் கிடையாது. கூடவே ஒரு செய்தியாளர் பெண்; மூன்று நாள் மணற்புயலில் மாட்டியும் தலைமுடி கலைவதில்லை. பின்னாலேயே துரத்தி வரும் தங்கப்பல்லன். பேசுவதற்கு முன்னால் ஒருதரம், பேசி முடித்து ஒருதரம் சிரிப்பான். அத்தியாயத்துக்கு ஒரு பொந்து இடிந்து விழும். கடவுளே, இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். 'கடவுளே' என்று நினைத்ததற்காக இன்னொருதரம் அடித்துக்கொண்டாள்.

ஆனால் படிப்பது அவளுக்குத் தொழில். பார்வையற்றோர் நூலகத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்தொரு வருஷமாகப் படிக்கிறாள். வரிச் சட்டம், வங்கித் தேர்வு, உடற்கூறு, தொழிலாளர் விதிகள். அங்கே சட்டம் சுருக்கமானது. அச்சில் இருப்பதைப் படி, இல்லாததைப் படிக்காதே, ஒரு வரியும் தாண்டாதே, உன் அபிப்பிராயம் குரலில் வரக்கூடாது. ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் எண்ணைச் சொல். நாக்கு புரண்டுவிட்டால் ஒருமுறை கையைத் தட்டிவிட்டு, அந்த இடத்தின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பப் படி. தட்டிய சத்தம் கணினித் திரையில் குச்சி மாதிரி எழும்பி நிற்கும். ஒலியை வெட்டி ஒட்டுகிறவர் அதைப் பார்த்துத் தப்பை எடுத்துவிடுவார்.

முதல் நாள் அப்பாவுக்குப் படிக்கும்போதும் நாக்கு புரண்டது. பழக்கதோஷம், டப்பென்று கையைத் தட்டிவிட்டாள்.

"எதுக்கும்மா கை தட்டுற? அப்படி ஒண்ணும் பிரமாதமா எழுதலியே அவன்."

விளக்கியதும் அவருக்கு ஒரே சிரிப்பு. "தப்புப் பண்ணினா கைதட்டலா! நல்ல ஆபீஸ்மா உங்க ஆபீஸ். நான் சர்வீஸ்ல இருந்தப்ப தெரியாமப் போச்சே." அதிலிருந்து அவள் எங்கே தடுக்கினாலும் அவரே முந்திக்கொள்வார். "தட்டு, தட்டு. தட்டிட்டுத் திரும்பப் படி."

அவர் சர்வீஸில் இருந்தது எடை அளவு முத்திரையிடும் இலாகாவில். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'முத்திரை'. முத்திரை வருகிறார் என்றால் தெருமுனையிலிருந்தே தராசுகள் நேராகிவிடும் என்பார்கள். எடைக்கல்லைக் கையில் வாங்கியதும் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஈயத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். சுரண்டியிருந்தால் விரல் சொல்லிவிடும். சத்தம் போட்டதே கிடையாது. லேசாகச் சிரித்துக்கொண்டு, "எடை குறையுதேய்யா," என்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் கடைக்காரர்கள் நடுங்குவார்கள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவரே. அதனால்தானே எல்லாம் வந்தது. இருபத்தொன்பது வயதில், தனக்கு இனி நம்பிக்கை இல்லை, நம்பாத வார்த்தையைத் தன்னால் சொல்ல முடியாது என்று அவரிடம் நேருக்கு நேர் சொன்னாள். இரண்டே மாதத்தில் அம்மா போய்விட்டாள். அடக்கத்தின்போது போதகர், மூத்த பிள்ளை என்ற முறையில் முடிவு ஜெபம் பண்ணச் சொல்லி அவளைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு பேரும் நின்றார்கள். யாரோ இருமினார்கள். கடைசியில் தம்பி அழுதுகொண்டே நாலு வார்த்தை சொல்லி முடித்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "உங்கம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லாமப் போச்சே."

அதற்குப் பிறகு தொலைபேசியில் வானிலைதான். "அங்க மழையா?" "வெயில்ப்பா." "சரி, வச்சிடறேன்." இந்தப் பத்து நாளிலும் அவர் ஒருதடவைகூட அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பேசுகிறார், சிரிக்கிறார், ஆனால் பார்வை மட்டும் அவளைத் தாண்டி ஜன்னலுக்கோ கதவுக்கோ போய்விடுகிறது. காலையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். கோபம் அடங்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. வலித்தது. வலிக்காத மாதிரி படித்தாள்.

"பக்கம் இருநூற்று எழுபது." தண்ணீர் மார்புக்கு வந்தது. தங்கப்பல்லன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பாறை சரிந்து அவனும் உள்ளே மாட்டிக்கொண்டான். அப்பாவின் விரல்கள் போர்வை ஓரத்தைப் பற்றின.

"பக்கம் இருநூற்று எழுபத்தொன்று." தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"நான் சொல்லல?" என்றார் அப்பா. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"சொன்னீங்க, சொன்னீங்க."

"வெளிய வந்துருவாங்களா?"

"கடைசியப் பாத்துச் சொல்லவா?"

"சொல்லாத. படி. முறையா வரட்டும்."

பக்கத்தின் கடைசி வரி: 'அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது.' தாளைத் திருப்பினாள்.

இடப்பக்கம் முழுக்க, வலப்பக்கத்திலும் பாதிவரை, ஓரத்தில் ஒரு பென்சில் கோடு. அழுத்திப் போட்ட கோடு. வாய் படிக்கும் வரிக்கு இரண்டு வரி முன்னால் ஓடிப் பழகிய அவள் கண் அதற்குள் பார்த்துவிட்டது: 'ஆண்டவரே, நான் யார் என்று உமக்குத் தெரியும்.'

ஓஹோ, என்று நினைத்தாள்.

அப்படியா சேதி. நம்பிக்கை இல்லாத பேராசிரியர், கழுத்தளவு தண்ணீர், இருட்டு, கடைசியில் ஜெபம். இதற்குத்தானா இருநூற்று எழுபது பக்கமும்? கண்ணு களைப்பா இருக்கு, நீ படியேன். காதில் பென்சில் செருகிக்கொண்டே முப்பது வருஷம் கடை கடையாகத் திரிந்தவர். தான் படித்து, கோடு போட்டு வைத்துவிட்டு, சாடி, சுரங்கம், தங்கப்பல் என்று பத்து நாள் கையைப் பிடித்து இந்த இடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். அச்சில் இருப்பதை அவள் தாண்ட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வராத வார்த்தையை இன்றைக்கு அவள் வாயாலேயே எடுத்துவிடலாம். நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். முகத்தைப் பார்க்க மட்டும் முடியாது, பொறி வைக்க முடிகிறது என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

இருபத்தொரு வருஷத்தில் அவள் ஒரு வரி தாண்டியதில்லை. பிழை திருத்தப் பட்டியலைக்கூட விட்டதில்லை. வலது கை தானாக எழும்பி இன்னொரு தாளையும் சேர்த்துத் திருப்பியது.

"பக்கம் இருநூற்று எழுபத்து நான்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எண்ணைச் சொல்லாமல் பக்கம் தொடங்க அவள் நாக்குக்குத் தெரியாது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. மளமளவென்று படித்தாள். "மலைச்சரிவில் வெயில் ஏறியிருந்தது. மூவரும் ஈர உடையோடு புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். செய்தியாளர் பெண்தான் முதலில் வாய் திறந்தாள்..."

"இரு," என்றார் அப்பா.

இயந்திரம் நாலைந்து தடவை இழுத்து விட்டது.

"எங்க இருக்காங்க இப்ப?"

"வெளிய வந்துட்டாங்கப்பா."

"அது தெரியுது. எப்படி வந்தாங்க?"

அவள் அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

"எங்க கணக்குல எழுபத்தொண்ணுக்கு அப்புறம் எழுபத்திரண்டு," என்றார். "உங்க ஆபீஸ்ல எப்படியோ." பிறகு லேசாகச் சிரித்தார். பல் தெரியாத அந்தப் பழைய சிரிப்பு. "ரெண்டு பக்கம் எடை குறையுது, பாப்பா."

"அந்தத் தாள் இல்லப்பா. கிழிஞ்சிருக்கு."

வாயிலிருந்து வந்த பிறகு அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக, ஒலிப்பதிவுக்குப் படிப்பதுபோல வந்தது. ஜெபம் சொன்னால் பொய்யாகிவிடும் என்று இருபத்திரண்டு வருஷம் பிடிவாதம் பிடித்தவள், அதைச் சொல்லாமலிருக்க ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

"கொண்டா," என்று அப்பா கையை நீட்டினார்.

கொடுத்தாள். புத்தகத்தை நெஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். தலையைக் குனியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, நடுவில் தையல் ஓடும் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினார். ஒரு தாள் தள்ளி இன்னொரு தடவை. இன்னும் ஒரு தாள் தள்ளி மறுபடியும். கிழிந்த தாளின் விளிம்பு அங்கே எங்கும் இல்லை. பிடிபட்ட கடைக்காரர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. குனிந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறாரே, நான் பொய் சொல்வதைக் கண்ணால் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்தாள்.

அப்பா புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. மேல படி."

படித்தாள். எழுபத்தைந்து, எழுபத்தாறு. என்ன படிக்கிறோம் என்று அவள் காதில் விழவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"தூக்கமாப்பா?"

"ம். இருக்கட்டும். அப்புறம்..." என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. அப்புறம் என்ன என்று அவள் கேட்கவுமில்லை.

கீழே சமையலறையில் தம்பி மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வரப் போயிருந்தான்.

"என்ன அண்ணி, முகம் இப்படிச் சிவந்திருக்கு?"

"உன் மாமனாருக்கு இன்னும் ரிட்டயர்மெண்ட் வரல. படுத்துக்கிட்டே செக்கிங் பண்றாரு."

"யாரைப் புடிச்சாரு?" என்று அவள் சிரித்தாள்.

மகள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். மேலே போனதும் சொல்லிவிட வேண்டும். தாள் கிழியவில்லைப்பா, நான்தான் தாண்டினேன், அதைப் படிக்க எனக்கு இஷ்டமில்லை என்று. அது ஒரு வழி. பேசாமல் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் படித்துத் தொலைப்பது இன்னொரு வழி. வாய்தானே, என்ன தேய்ந்துவிடப் போகிறது? ஆனால் அப்போது அவர் ஜெயித்துவிடுவார். சாகப்போகிற மனிதரிடம் ஜெயிப்பது தோற்பது என்று நினைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தும் கோபம் போகவில்லை. துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். அதற்குமேல் இல்லை என்றுதான் பின்னால் எல்லோரிடமும் சொன்னாள்.

சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மாடிக்குப் போன தம்பி மேலிருந்து கத்தினான். "அக்கா! அக்கா, ஓடி வா!"

அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வரத் தாமதமானது. வாய் கோணலாகத் திறந்திருந்தது. கண் மட்டும் விழித்தே இருந்தது. அவள் கட்டிலோரம் மண்டியிட்டு, "அப்பா, நான்தான்," என்றாள். பார்வை மெதுவாக அவள் பக்கம் வந்தது. வந்து, வழக்கம்போல அவள் முகத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு இரண்டு கைகளையும் போர்வையிலிருந்து உயர்த்தினார். நடுங்கிக்கொண்டே வந்து உள்ளங்கைகள் ஒன்றோடொன்று பட்டன. பட்டதும் விலகின.

ஜெபத்துக்குக் கை கூப்புகிறார், அவளையும் கூப்பச் சொல்கிறார். இந்த நிமிஷத்திலுமா?

"இப்ப வேண்டாம்ப்பா," என்றாள்.

கைகள் போர்வை மேல் இறங்கின. தம்பி அழுதுகொண்டே ஏதோ வேத வசனம் சொல்லத் தொடங்கினான். தம்பி மனைவி கால்களைப் பிடித்துக்கொண்டாள். மணி மூன்றே கால். வெகுநேரம் கழித்துத்தான் யாரோ இயந்திரத்தை அணைத்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு வீடு தாங்க முடியாத அளவு அமைதியாக இருந்தது.

மறுநாள் காலை சவப்பெட்டிக்காரர் வந்து அப்பாவுக்குச் சட்டை கோட்டு எல்லாம் போட்டு, தலைவாரி, கைகளை நெஞ்சின் மேல் வைத்தார். மேசையிலிருந்த மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "இது போடுறதாம்மா? சிலபேர் போடச் சொல்வாங்க."

"போடுங்க," என்றாள் மகள். "அது இல்லாம அப்பா ஒரு எழுத்துப் படிக்க மாட்டாரு."

தம்பி மனைவி பூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அது இருந்தாலும் படிக்க மாட்டாரு அண்ணி," என்றாள்.

"என்ன?"

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தவள்போலக் கையை எடுத்தாள்.

"மாமாவுக்குக் கண்ணு போய் ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி. முழுசா இல்ல. நடுவுல மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி இருக்குமாம். ஆளுங்க நடமாடறது தெரியும். எழுத்து தெரியாது. டாக்டர் இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு."

"காலையில பேப்பர் படிச்சாரே."

"பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முந்தாநாள் தலைகீழாப் பிடிச்சிருந்தாரு, நான்தான் போய்த் திருப்பி வச்சேன். நீங்க பாக்கல."

மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'வருஷம் பூரா கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுட்டு லீவு போட்டு வர்றா. இங்கயும் வந்து அதே வேலையா பாக்கணும் பாவம், மகளா வந்துட்டுப் போகட்டும்'னாரு. அப்படிச் சொல்லிட்டு, வந்த அன்னிக்கே படிக்கச் சொல்லிட்டாரே, என்ன மாமா இதுன்னு கேட்டேன். 'அவ குரலைக் கேட்டதும் மறந்துட்டேன்'னு சொல்லிச் சிரிக்கறாரு."

"என்னைப் பாக்கவே இல்லியே அவர். ஒருதடவகூட..."

"பாத்தாரே! நேராப் பாத்தா ஓட்டைதான் தெரியும், ஓரமாப் பாத்தாத்தான் மூஞ்சி தெரியும்பாரு. நீங்க வந்ததிலிருந்து உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. 'பாப்பாவுக்கு முன்நெத்தி முடி நரைச்சிருக்கே'ன்னு எங்கிட்ட கேட்டாரு."

நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பத்துப் பேராவது அப்படித்தான். அவளிடம் பேசும்போது கதவைப் பார்ப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளேதான் சொல்லிக்கொடுப்பாள்: அவங்க வேற எங்கயோ பாக்கறாங்கன்னு நினைக்காதீங்க, உங்களைத்தான் பாக்கறாங்க. இருபத்தொரு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளிடம் மறக்காத பாடம், பெற்ற அப்பாவிடம் மறந்துபோயிற்று.

"அந்தப் புத்தகம்..." என்றாள். "பென்சில் கோடு?"

"ஏழாம் சாடியா? அது என் புத்தகம் அண்ணி, மாமாகூட உக்காந்திருக்கறப்ப புரட்டிட்டு அங்கயே வச்சுட்டேன். கோடும் நான் போட்டதுதான். போன வருஷம் என் ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில வச்சுப் படிச்சேன். தங்கப்பல்லன் ஜெபம் பண்ற எடம்."

"தங்கப்பல்லனா?"

"ஆமா. அவன்தான். அந்தத் திருட்டுப்பயலுக்கு ஜெபம் பண்ணக்கூடத் தெரியாது, பாதியில நின்னுடுவான். எனக்கு அழுகையா வந்துச்சு. பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, கடைசிவரைக்கும் நம்பவே மாட்டாரு. ஆனா அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, அவன் முடிக்கற வரைக்கும் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. அந்த உசரத்துல இருந்துதான் அவனுக்கு மேல இருக்கற ஓட்டை கண்ணுல படும். அப்படித்தான் வெளிய வருவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமாவுக்கு எப்படியும் அந்த எடம் பிடிச்சிருக்கும். நேத்து அங்க வரைக்கும் வந்துட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

மகள் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று உயர்ந்து வந்து ஒருமுறை பட்டு விலகிய கைகள். கூப்புகிற கை விலகாது. அது ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டு பாப்பா, தட்டிட்டுத் திரும்பப் படி என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். எப்படி வெளியே வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே போய்விட்டார். அவள் பெட்டியோரம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தம்பி ஓடி வந்து, "அக்கா, அக்கா," என்றான். அவளிடமிருந்து அப்படி ஓர் அழுகையை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிற்பகல் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பழைய கடைக்காரர்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருந்தார்கள். போதகர் வேதம் வாசித்து, பாட்டு முடிந்து, "குடும்பத்திலிருந்து யாராவது..." என்று சொல்லி நிறுத்தினார். அவர் கண் தவறிக்கூட மகள் பக்கம் வரவில்லை. பழைய கதை அவருக்கும் தெரியும். யாரோ இருமினார்கள். அக்காவைக் காப்பாற்றத் தம்பி அவசரமாக எழுந்தான். அவள் அவன் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தாள்.

பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனாள். அங்கே போட்டிருந்த நாற்காலி அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்தது. அதை ஒரு முழம் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பென்சில் கோடு போட்ட பக்கத்தை விரித்து மடியில் வைத்தாள்.

ஒருமுறை கையைத் தட்டினாள். கூடம் முழுவதும் திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"பக்கம் இருநூற்று எழுபத்திரண்டு," என்றாள்.